பக்கத்து வீட்டைப் பார்க்கும் பாய்லர் ஃப்ளூ

ஜனவரி மாதக் காலை ஏழு மணிக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கத்து வரிசை வீடுகளின் பின்புறத்தை எட்டிப் பார்த்தால், சமையலறைச் சுவரிலிருந்து அரைச் சாண் நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைக் குழாய்கள் ஆவி கக்கிக்கொண்டிருக்கும். அதுதான் வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரின் ஃப்ளூ, எரிந்த வாயு வெளியேறும் குழாய். ஆவி வேலியைத் தாண்டி பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போகும்போது பிரச்சினை தொடங்குகிறது. ஒருவர் ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்கிறார். மற்றவர் பாய்லர் போட்டவர் சான்றிதழ் கொடுத்திருக்கிறாரே என்கிறார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

அந்த வீடுகள் கட்டப்பட்ட விதமே இதற்குப் பாதிக் காரணம். விக்டோரியா காலத்து வரிசை வீட்டின் முன்பகுதி மனையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். பின்பகுதியில் சமையலறை இருக்கும் ஒடுங்கிய கட்டடம் மட்டும் நீண்டிருக்கும். அந்தப் பின்கட்டு ஒரு பக்கத்து வீட்டின் பின்கட்டோடு முதுகோடு முதுகாக ஒட்டியிருக்கும். மறுபுறம் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு சந்து, நடுவே வேலி, வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டின் அதே போன்ற சந்து. ஆக, இரண்டு சமையலறைகள் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நிற்கும். பாய்லரைச் சமையலறைப் பக்கச் சுவரில் மாட்டி, நேராக ஒரு துளை போட்டு ஃப்ளூவை வெளியே தள்ளிவிடுவதுதான் பொருத்துபவருக்கு மிகச் சுலபமான வேலை. அப்படித் தள்ளினால் அது நேரே பக்கத்து வீட்டைத்தான் பார்க்கும்.

மீதிப் பாதிக்குக் காரணம் 2005. அந்த ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், சில விதிவிலக்குகள் தவிர, புதிதாகப் போடும் கேஸ் பாய்லர் கண்டென்சிங் வகையாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டட விதிகள் மாறின. பழைய பாய்லரின் புகை 100 டிகிரிக்கு மேல் சூடாக வெளியேறும். சூட்டின் வேகத்தில் சட்டென்று மேலே ஏறிக் கலைந்துவிடும், கண்ணுக்கும் அதிகம் தெரியாது. கண்டென்சிங் பாய்லர் அந்தச் சூட்டை உள்ளேயே பிடித்துக்கொண்டு, 50 டிகிரி சுமாரில் ஈரம் சொட்டும் வாயுவை வெளியே விடுகிறது. அது ஏறாமல் சோம்பலாகச் சந்துக்குள்ளேயே தவழும்.

எவ்வளவு ஈரம்? ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் உண்டாகும். 24 கிலோவாட் பாய்லர் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் இரண்டரை கன மீட்டர் வாயுவைக் குடிக்கும். அதாவது மணிக்கு மூன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர். அதில் ஒரு பங்கு பாய்லருக்குள்ளேயே குளிர்ந்து கழிவுக் குழாயில் போகும், மிச்சமெல்லாம் ஃப்ளூ வழியாகத்தான் போக வேண்டும். கெட்டில் கொதிக்கும்போது அதன் மூக்கு நுனியை உற்றுப் பார்த்திருப்பீர்கள். முதல் விரற்கடை இடம் தெளிவாக இருக்கும், அதற்கப்புறம்தான் வெள்ளை தொடங்கும். ஃப்ளூ வாயிலும் அதே கதை. வெள்ளையாகத் தெரிவது நீர்த்துளிகள். கூடவே வரும் கார்பன் டை ஆக்ஸைடும், சிறிதளவு நைட்ரஜன் ஆக்ஸைடுகளும், கார்பன் மோனாக்ஸைடும் கண்ணுக்குத் தெரியாது.

அந்த நீர்த்துளிகள் லேசான அமிலம், பி.ஹெச். அளவு 3-க்கும் 5-க்கும் இடையில். பக்கத்து வீட்டு ஜன்னல் விளிம்பின் பெயின்ட் உரிவது, செங்கல் மீது பச்சைப் பாசி படர்வது, பனி நாளில் நடைபாதையில் மெல்லிய பனிக்கட்டி உறைவது எல்லாம் இதனால் வருபவை. ஒழுங்காகச் சீர்செய்த பாய்லரில் கார்பன் மோனாக்ஸைடு குறைவுதான். ஆனால் பர்னர் கெட்டுப்போன பாய்லரும் அதே வெள்ளை ஆவியைத்தான் விடும். ஆவியைப் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. அதனால் ஃப்ளூவுக்கு எதிரே ஜன்னல் இருக்கும் வீட்டுக்காரர் ஒரு கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வாங்கி மாட்டிக்கொள்வது வீண் செலவு ஆகாது. அது கத்தினாலோ, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தாலோ, வெளியே போய் 0800 111 999 என்ற அவசர எண்ணைக் கூப்பிட வேண்டும்.

அளவுநாடா சொல்வது

சண்டைக்கு முன் ஒரு அளவுநாடாவை எடுங்கள். இங்கிலாந்தில் இதற்கான அளவுகள் கட்டட விதிகளின் 'அப்ரூவ்ட் டாக்குமென்ட் ஜே' என்ற வழிகாட்டியிலும், பி.எஸ். 5440-1 என்ற தர நிர்ணயத்திலும் உள்ளன. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனிக் கையேடுகள். இன்று வீடுகளில் உள்ள பாய்லர்கள் பெரும்பாலும் அறைக் காற்றை எடுக்காதவை, மின்விசிறி வைத்தவை. அந்த வகைக்கு, திறக்கும் ஜன்னலிலிருந்தோ காற்றுக்காக வைத்த துளைச் செங்கல்லிலிருந்தோ எந்தப் பக்கமானாலும் 300 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். மழைநீர்ப் பீலிக்குக் கீழே என்றால் 75, கூரை விளிம்புக்குக் கீழே 200, தரைக்கு மேலே 300, சுவர் மூலையிலிருந்து 300 மி.மீ. அதே சுவரில் பக்கவாட்டில் இன்னொரு ஃப்ளூ இருந்தால் 300 மி.மீ., மேலும் கீழுமாக இருந்தால் ஒன்றரை மீட்டர். இரண்டு ஃப்ளூக்கள் நேருக்கு நேர் பார்த்தால் 1,200 மி.மீ.

அண்டை வீட்டுப் பிரச்சினைக்கு வேண்டியவை இரண்டே வரிகள். ஃப்ளூ எல்லையை நேராகப் பார்த்தால், அதன் நுனியிலிருந்து எல்லைக்கோடு வரை 600 மி.மீ. எல்லைக்கோடு பக்கவாட்டில் ஓடினால் 300 மி.மீ. இங்கே கவனிக்க வேண்டிய சொல் எல்லைக்கோடு. வேலி கம்பிவலையாக இருக்கலாம், இரண்டடி உயரமாக இருக்கலாம், வேலியே இல்லாமலும் இருக்கலாம். விதி அந்தக் கோட்டை ஒரு சுவராகவே எண்ணுகிறது. காரணம் எளிது: பக்கத்து வீட்டுக்காரர் நாளைக்கே அந்தக் கோட்டின் மேல் சுவர் எழுப்பலாம், அது அவர் இடம். "அங்கே வெறும் தோட்டம்தானே இருக்கிறது" என்று 400 மி.மீ. தூரத்தில் போட்ட ஃப்ளூ போட்ட நாளிலேயே தவறு. சுவர் வந்தபின்தான் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அளப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. சுவரிலிருந்து வேலி வரை அளந்துவிட்டு 700 மி.மீ. இருக்கிறது, சரி என்பார்கள். நுனி 120 மி.மீ. வெளியே நீட்டியிருந்தால் உண்மையான தூரம் 580. வேலிப் பலகையின் எந்தப் பக்கம் எல்லை என்பதும் வீட்டுப் பத்திரத்தைப் பார்த்தால்தான் ஓரளவு தெரியும்.

600 இருந்தாலே போதுமா என்றால், பாய்லர் கையேட்டையும் திறக்க வேண்டும். நேரெதிரே திறக்கும் ஜன்னலோ கதவோ இருந்தால் 2 மீட்டர் வேண்டும் என்று பல கண்டென்சிங் பாய்லர் கையேடுகள் கேட்கின்றன. பொது வழிகாட்டியும் கையேடும் வேறுபட்டால், அந்த பாய்லருக்குக் கையேடு சொல்வதே கணக்கு. ஒரு மீட்டர் சந்து, வேலி, இன்னொரு ஒரு மீட்டர் சந்து என்ற அமைப்பில், ஃப்ளூ நுனியைக் கழித்தால் எதிர்ச் சமையலறை ஜன்னலுக்கு 2 மீட்டர் தேறாது. பழைய பாய்லரைக் கழற்றி அதே துளையில் புதியதைப் போடும்போது மாட்டிக்கொள்வது இங்கேதான். பழையது அது போடப்பட்ட கால விதிப்படி சரி. புதியதற்கு இன்றைய கையேடு.

சட்டம் எந்தப் பக்கம்

விதியில் சொன்ன அளவுகள் சரியாக இருப்பதும் தொல்லை இல்லாமல் இருப்பதும் வெவ்வேறு விஷயங்கள். 1990-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, வீட்டிலிருந்து வெளியேறும் புகையாவியோ வாயுவோ உடல்நலத்துக்குக் கேடாகவோ தொல்லையாகவோ இருந்தால் அதைச் சட்டப்படியான தொல்லை என்கிறது. இந்த உட்பிரிவு தனியார் குடியிருப்புகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பது ஒரு விசேஷம். இன்னொன்று, 'வாயு' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் ஆவியும், ஆவி குளிர்ந்து விழும் ஈரமும் அடக்கம். வெறும் நீராவிதானே என்ற வாதம் அங்கே அடிபட்டுப் போகிறது. கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி வந்து பார்த்துத் தொல்லைதான் என்று முடிவுசெய்தால் 80-ஆம் பிரிவின் கீழ் நோட்டீஸ் அனுப்புவார். கவுன்சில் அசையாவிட்டால் பாதிக்கப்பட்டவரே 82-ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம், எதிர்த்தரப்புக்கு 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு. ஆனால் குளிர்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை மூக்கில் படும் ஆவிக்கு எந்த அதிகாரியும் நோட்டீஸ் எழுத மாட்டார். எவ்வளவு நேரம், எத்தனை நாள், எந்த அறைக்குள் என்பதைத் தேதி போட்டுக் குறித்துவைத்த நோட்டும், காற்று வீசும் நாளில் எடுத்த படங்களும்தான் பேசும்.

ஃப்ளூ நுனியே எல்லையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் வழக்கு வேறு. ஒருவர் நிலத்துக்கு மேலுள்ள வெளியும் அவருடையதுதான். 1957-இல் லண்டனில் ஒரு புகையிலைக் கடையின் மேல் அடுத்த கட்டடத்திலிருந்து சில அங்குலம் நீட்டிக்கொண்டிருந்த விளம்பரப் பலகையை எடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. கெல்சன் வழக்கு என்பார்கள். எல்லையின் மீதே நிற்கும் சுவரில் துளை போட்டு ஃப்ளூ விடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அண்டை வீட்டார் இன்று வாய்ச்சொல்லில் சம்மதித்தாலும், வீடு கைமாறினால் அந்தச் சம்மதம் காற்றோடு போய்விடும்.

என்ன செய்யலாம்

மிக மலிவானது டிஃப்ளெக்டர். ஃப்ளூ நுனியில் பொருத்தும் ஒரு சிறிய வளைந்த மூடி. ஆவியை நேராக விடாமல் 45 டிகிரி சாய்த்து மேலேயோ பக்கவாட்டிலோ தள்ளும். சந்து திறந்தவெளியாக இருந்து, ஆவி பக்கத்து வீட்டு முற்றத்தில் தவழ்வது மட்டுமே புகார் என்றால் இதுவே போதும். எல்லை தூரம் குறைவாக இருந்தால் இது அந்தக் குறையைத் தானாகத் தீர்க்காது. கையேடு அனுமதித்தால்தான் போடலாம், அதுவும் அதே கம்பெனியின் பாகமாக.

அடுத்தது பிளூம் கிட். இதுதான் பெரும்பாலான சந்துகளுக்குச் சரியான மருந்து. சாதாரண ஃப்ளூ என்பது குழாய்க்குள் குழாய். உள்ளே 60 மி.மீ. குழாயில் எரிந்த வாயு வெளியே போகிறது, அதைச் சுற்றியுள்ள 100 மி.மீ. குழாய் வழியாக எரிவதற்கான காற்று உள்ளே வருகிறது. பிளூம் கிட் இரண்டையும் பிரிக்கிறது. காற்று பழைய இடத்திலேயே உள்ளே போகும். எரிந்த வாயுவை மட்டும் 60 மி.மீ. ஒற்றைக் குழாய் சுவரோரமாக மேலே ஏற்றி, ஜன்னல்களுக்கு அப்பால் கொண்டுபோய் விடும். உள்ளே சமையலறையில் ஒரு ஓட்டைக்கூடப் புதிதாகப் போட வேண்டாம். தூரங்களெல்லாம் இனிப் புதிய வாயிலிருந்து அளக்கப்படும். அழகு பார்ப்பவர்களுக்குப் பிடிக்காது, வெளிச்சுவரில் ஒரு பிளாஸ்டிக் குழாய் ஏறுவது அழகில்லைதான்.

மூன்றாவது, ஃப்ளூவை உள்ளேயே திருப்பி வேறு சுவர் வழியாக வெளியே விடுவது. நான்காவது, கூரை வழியாக நேர் மேலே. பாய்லருக்கு மேல் மாடி அறை இருந்தால் அதன் ஊடாகக் குழாய் போக வேண்டும், கூரையில் ஏற சாரம் கட்ட வேண்டும், செலவு தாவிவிடும். ஒற்றை மாடிப் பின்கட்டு என்றால் மட்டும் இது நல்ல யோசனை. கூரை வழிக்கு உயர வரம்பும் உண்டு: திட்ட அனுமதி இல்லாமல் போடும் ஃப்ளூ கூரையின் உச்சியைவிட ஒரு மீட்டரோ அதற்கு மேலோ உயரக்கூடாது. பாதுகாக்கப்பட்ட பகுதியில், தெருவைப் பார்க்கும் முன்சுவரிலோ பக்கச் சுவரிலோ கூரைச் சரிவிலோ வரக்கூடாது. ஐந்தாவது வழி பாய்லரையே இடம் மாற்றுவது. தண்ணீர், கேஸ், கழிவுக் குழாய்கள் எல்லாம் கூடவே நகர வேண்டும். பாய்லருக்குப் பதினைந்து வயதாகிவிட்டது என்றால் இந்தச் செலவைச் செய்வதற்கு முன் ஹீட் பம்ப் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. அதற்கு ஃப்ளூவே கிடையாது. என்ன, ஆவிச் சண்டை போய் சத்தச் சண்டை வரலாம்.

குழாயில் கை வைக்காமல் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. பாய்லரிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் நீரின் வெப்பத்தை 75-இலிருந்து 55, 60-க்குக் குறைப்பது. ஈரம் நிறைந்த வாயு 55 டிகிரியில் சுமக்கும் நீராவியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் 35 டிகிரியில் சுமக்க முடியும். திரும்பி வரும் நீர் குளிர்ந்திருந்தால் அந்த வித்தியாசம் பாய்லருக்குள்ளேயே தண்ணீராக வடிந்துவிடும். கேஸ் பில்லும் இறங்கும். வெந்நீர் தொட்டி வைத்த வீடுகளில் மட்டும் கவனம்: தொட்டியை 60 டிகிரிக்குச் சூடாக்கும் அமைப்பு கெடாமல் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

பின்சுவருக்குத் திருப்பும் வேலை, கிட்டத்தில்

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். பாய்லர் பின்கட்டுச் சமையலறையின் பக்கச் சுவரில் இருக்கிறது. அதன் நடுவிலிருந்து பின்சுவர் 2.2 மீட்டர். இப்போது ஃப்ளூ பக்கச் சுவர் வழியாகப் போகிறது. அதைத் திருப்பிப் பின்சுவர் வழியாகத் தோட்டத்துப் பக்கம் விட வேண்டும்.

முதலில் நீளக் கணக்கு. ஒவ்வொரு பாய்லருக்கும் அதிகபட்ச ஃப்ளூ நீளம் என்று ஒன்று கையேட்டில் இருக்கும், ஒவ்வொரு வளைவும் அதில் ஒரு பங்கைத் தின்னும். அதிகபட்சம் 8 மீட்டர், ஒரு 90 டிகிரி வளைவு 1 மீட்டருக்குச் சமம், 45 டிகிரி வளைவு அரை மீட்டருக்குச் சமம் என்று கையேடு சொல்வதாக வைத்துக்கொள்வோம். 2.2 மீட்டர் ஓட்டம், ஒன்பது அங்குலச் சுவர் 0.23, நடுவில் கூடுதலாக ஒரு 90 டிகிரி வளைவு: மூன்றரை மீட்டரைத் தாண்டாது. தாராளமாக இடம் இருக்கிறது. பாய்லர் தலையில் உட்காரும் முதல் வளைவைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா வேண்டாமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நீளம் எல்லை மீறினால் விசிறிக்கு மூச்சு முட்டும், பாய்லர் அடிக்கடி தானே நின்றுவிடும். அப்போது 80/125 அளவுள்ள (உள்குழாய் 80, வெளிக்குழாய் 125 மி.மீ.) பெரிய குழாய்க்கு மாற வேண்டியிருக்கும்.

அடுத்தது சரிவு. வேலையில் பாதி கெடுவது இங்கேதான். குழாய்க்குள் குளிரும் தண்ணீர் பாய்லருக்குத் திரும்பி ஓட வேண்டும். அதனால் குழாய் வெளிப்பக்கம் உயர்ந்தும் பாய்லர் பக்கம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். பல கையேடுகள் 3 டிகிரி கேட்கும், மீட்டருக்கு 52 மி.மீ. வேறு சில இரண்டரை டிகிரி, மீட்டருக்கு 44 மி.மீ. நம் 2.2 மீட்டர் ஓட்டத்துக்கு 3 டிகிரி என்றால் பின்சுவரை அடையும்போது குழாயின் நடுக்கோடு 114 மி.மீ. உயர்ந்திருக்கும். சுவர் அலமாரியின் தலைக்கும் கூரைக்கும் நடுவே 100 மி.மீ. குழாய் போக இடம் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் இந்த 114-ஐ மறந்துவிடுகிறார்கள். கடைசி அரை மீட்டரில் குழாய் கூரையில் இடிக்கும். உடனே சரிவைக் குறைத்து மட்டமாகப் போட்டுவிட்டுப் போவார்கள். விளைவு முதல் குளிர்காலத்தில் தெரியும். வெளியே சாய்ந்த குழாயின் நுனியில் அமிலத் தண்ணீர் சொட்டும், பிறகு பனிக்கூம்பு தொங்கும். நடுவில் தொய்ந்த குழாயில் தண்ணீர் தேங்கி குடுகுடு என்று சத்தம் வரும், வாயு போகும் வழி குறுகும். சில கம்பெனிகளின் நுனிப் பகுதியில் சரிவு உள்குழாயிலேயே செய்யப்பட்டிருக்கும். அந்தக் கடைசித் துண்டின் வெளிக்குழாயை மட்டமாகத்தான் பொருத்த வேண்டும். அதையும் சாய்த்தால் மழைநீர் உள்பக்கம் ஓடி வரும்.

துளைக்கான இடத்தைச் சுவரில் குறிப்பதற்கு முன் வெளியே போய்ப் பார்க்க வேண்டும். மூன்று மீட்டர் அகலப் பின்கட்டின் ஒரு பக்கம் சந்து, மறுபக்கம் ஒட்டிய வீடு. ஒருவரிடமிருந்து தள்ளுகிறேன் என்று இன்னொருவரின் எல்லைக்கு 200 மி.மீ. பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் பழைய பகையோடு புதுப் பகையும் சேரும். அங்கே 300 வேண்டும். மூலையிலிருந்து 300, உங்கள் பின்கதவிலிருந்தே 300, கூரை விளிம்புக்குக் கீழே 200. நுனி தரையிலிருந்து 2 மீட்டருக்குக் கீழே இருந்தால் கைபடாமல் இருக்கக் கம்பிக்கூடு மாட்ட வேண்டும்.

பிறகு கோர் டிரில், சுவரில் வட்டத் துளை போடும் கருவி. 100 மி.மீ. குழாய்க்கு, வெளியே ஆள் நின்று, குழாயைச் சுற்றித் துளையை மூடும் சுவர் ரப்பரைப் போட முடியுமானால் 110 மி.மீ. சுமாரில் துளை போதும். உள்ளிருந்தே ரப்பரோடு தள்ள வேண்டுமானால் 125, 127. துளையும் அதே சரிவில், வெளிப்பக்கம் உயர்ந்து இருக்க வேண்டும். இரட்டைச் சுவர் வீடுகளில் உடைந்த செங்கல் நடு இடைவெளியில் விழுந்து அடைத்துக்கொண்டால் பின்னால் ஈரம் ஏறும்.

குழாயை வெட்டுவது சதுரமாக இருக்க வேண்டும், ரப்பர் வளையம் உள்ள முனையை வெட்டவே கூடாது. வெட்டிய விளிம்பில் பிசிறு இருந்தால் அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். அந்தப் பிசிறுதான் உள்ளே தள்ளும்போது ரப்பரைக் கீறும். வெளியே பார்த்தால் எல்லாம் கச்சிதமாகத் தெரியும். உள்ளே எரிந்த வாயு கசிந்து வெளிக்குழாயின் புதிய காற்றோடு கலந்து மறுபடி பர்னருக்கே போகும். பர்னர் மூச்சுத் திணறி கார்பன் மோனாக்ஸைடை அதிகமாக்கும். ரப்பருக்கு சிலிகான் கிரீஸ் தடவி முழுதாக உள்ளே தள்ளி, கையேடு கேட்டால் ஸ்குரூ போட்டு, ஒவ்வொரு நீட்டுக் குழாய்க்கும் ஒரு பிராக்கெட் மாட்ட வேண்டும். பிராக்கெட் இல்லாத இணைப்பு நாள்பட நாள்படத் தொங்கிப் பிரியும்.

வேறு கம்பெனிக் குழாயை, அளவு ஒன்றுதானே என்று இடையில் சொருகுவது கூடாது. பாய்லரும் அதன் ஃப்ளூவும் ஒரு தொகுப்பாகச் சோதிக்கப்பட்டவை. கடைக்காரர் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

குழாயை மறைத்துப் பெட்டி அடிக்கும் ஆசை எல்லா வீட்டிலும் வரும். அடிக்கலாம், ஆனால் ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க 300-க்கு 300 மி.மீ. திறப்பு வேண்டும், இணைப்பிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள். திறந்து பார்க்க வழியில்லாத பெட்டியைக் கண்டால் அடுத்த முறை வரும் இன்ஜினியர் பாய்லரை 'ஆபத்துக்கு இடமுள்ளது' என்று எழுதி, உங்கள் அனுமதியோடு நிறுத்திவிடலாம்.

இந்த வேலையை யார் செய்யலாம் என்பதில் பேரம் கிடையாது. ஃப்ளூ பாய்லரின் ஓர் அங்கம். கூலிக்கு அதைத் தொட, கேஸ் வேலைக்குத் தகுதி பெற்றவர்களின் பதிவேடான கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் பெயர் இருக்க வேண்டும். கார்பரேஷன் மேஸ்திரிக்கோ, தெரிந்த தம்பிக்கோ அனுமதி இல்லை. அடையாள அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அங்கேதான் அச்சாகியிருக்கும்.

வேலை முடிந்ததும் அவர் செய்ய வேண்டிய சோதனை ஒன்றை நீங்களே பக்கத்தில் நின்று பார்க்கலாம். வாயுவை அளக்கும் அனலைசர் கருவியின் மூக்கை முதலில் காற்று உள்ளே வரும் குழாயின் துவாரத்தில் விடுவார். ஆக்ஸிஜன் 20.6 சதவீதமோ அதற்கு மேலோ, கார்பன் டை ஆக்ஸைடு 0.2 சதவீதத்துக்குக் கீழேயோ காட்ட வேண்டும். ஆக்ஸிஜன் அதற்குக் குறைந்தால் எங்கோ ஒரு ரப்பர் கீறியிருக்கிறது. பிறகு எரிந்த வாயுவை முழு வேகத்திலும் குறைந்த வேகத்திலும் அளப்பார். கார்பன் மோனாக்ஸைடு 350 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 350 பங்கு) கீழே, அதற்கும் கார்பன் டை ஆக்ஸைடுக்கும் உள்ள விகிதம் 0.004-க்குக் கீழே. அந்த எண்களை பாய்லர் கையேட்டின் பின்னால் உள்ள பென்ச்மார்க் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு பக்கத்து வீட்டார் விஷவாயு வருகிறது என்று சொன்னால், அந்தத் தாள்தான் பதில்.

முதலில் வந்தவர் யார்

உங்கள் ஃப்ளூ பத்து வருடமாக ஒழுங்கான தூரத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டார் இப்போது தன் பக்கச் சந்தினை மூடிச் சமையலறையை எல்லை வரை நீட்டிக் கட்டுகிறார். இது லண்டனில் வாராவாரம் நடக்கும் சங்கதி. எல்லைக்கு 600 விட்டிருந்தால் அவருடைய புதுச் சுவர் உங்கள் ஃப்ளூவைத் தவறாக்காது. எல்லைக்கோட்டைச் சுவராக எண்ணும் விதி இங்கே உங்களுக்குத் துணை நிற்கிறது. ஆனால் கூரையும் சேர்ந்து உங்கள் ஃப்ளூவை ஒரு பொந்துக்குள் தள்ளினாலோ, அவர் புதிய ஜன்னலை நேரெதிரே திறந்தாலோ, அவருடைய கட்டட ஆய்வாளரிடம் வரைபடக் கட்டத்திலேயே எழுதிக் கொடுங்கள். சுவர் எழும்பியபின் கொடுப்பதைவிட அது பத்து மடங்கு பலன் தரும். அப்படி ஒரு சூழலில் பிளூம் கிட்டுக்கான செலவைக் கட்டுபவரே ஏற்பது நியாயம். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், கட்டட வேலையின் நடுவே அது சின்னத் தொகை.

குத்தகை அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு வெளிச்சுவர் பெரும்பாலும் சொந்தமில்லை. நில உரிமையாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் புதுத் துளை போடக்கூடாது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள், ஆண்டுதோறும் கேஸ் பாதுகாப்புச் சோதனை செய்யும் கடமை அவருடையது. ஃப்ளூவும் அந்தச் சோதனையில் அடக்கம்.

கடைசியாகப் பழைய துளை. 100 மி.மீ. குழாய் போன ஓட்டையை விரியும் நுரையால் அடைத்துவிட்டுப் போகும் வழக்கம் இருக்கிறது. நுரை வெயிலில் பொடிந்துவிடும், தீயும் தாங்காது. அதே நிறச் செங்கலை அளவாக வெட்டி, சுண்ணாம்புக் கலவையால் கட்டப்பட்ட பழைய சுவரென்றால் சுண்ணாம்புக் கலவையாலேயே, வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் பூசி மூடச் சொல்லுங்கள். அந்தப் பக்கச் சுவரைத் தினமும் பார்ப்பவர் நீங்கள் இல்லை, எதிர் ஜன்னல்காரர்தான்.